குவில்ட்டில் பேட்டிங் கோளாறு: அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைப் பிடிப்பது

குவில்ட், அதாவது நடுவில் பஞ்சு வைத்துத் தைக்கும் போர்வை. அதன் மேல்துணிக்கு நாம் படுகிற பாடு கொஞ்சநஞ்சமில்லை. நிறம் பொருத்தி, துண்டு வெட்டி, கால் இஞ்ச் ஓரம் தவறாமல் தைத்து வாரக்கணக்கில் உட்காருவோம். மேல்துணிக்கும் பின்துணிக்கும் நடுவில் வைக்கும் பஞ்சு அடுக்கான பேட்டிங்கை மட்டும் கடையில் நின்ற வாக்கில் தடவிப் பார்த்து, "மெத்துன்னு இருக்கு, ரெண்டு மீட்டர் குடுங்க" என்று வாங்கி வந்துவிடுவோம். வினை தெரிய வருவது அப்புறம்தான்: முதல் சலவையிலோ, முதல் மழைக்காலத்திலோ.

தடவினால் மென்மை மட்டும்தான் தெரியும். பேட்டிங் உங்களுக்குச் சரிப்படுமா என்பதைத் தீர்மானிப்பவை வேறு இரண்டு: எத்தனை இஞ்ச் இடைவெளியில் தைக்கப் போகிறீர்கள், எப்படித் துவைக்கப் போகிறீர்கள். கீழே உள்ள கோளாறுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டில் ஒன்றில்தான் போய் முடிகின்றன. உங்கள் குவில்ட்டில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். ஆனால் உள்ளே இருப்பது என்ன பஞ்சு என்றே தெரியாவிட்டால் முதலில் இதைப் படித்துவிடுங்கள்.

உள்ளே இருப்பது என்ன?

நம் ஊர்க் கடைகளில் பேட்டிங் என்று கேட்டால் பல நேரம் விழிப்பார்கள். வாடிங், ஃபைபர் ஷீட், பஞ்சு ஷீட் என்றால் எடுத்துப் போடுவார்கள். மீட்டர் கணக்கில் சுருளாக வரும் இந்தச் சரக்கு பெரும்பாலும் பாலியெஸ்டர். 80 ஜிஎஸ்எம், 100 ஜிஎஸ்எம், 200 ஜிஎஸ்எம் என்று எடையைச் சொல்வார்கள். ஒரு சதுர மீட்டர் எத்தனை கிராம் என்ற கணக்கு அது. 60க்கு 80 இஞ்ச் போர்வை ஏறக்குறைய 3 சதுர மீட்டர். ஆக 100 ஜிஎஸ்எம் போட்டால் பஞ்சு மட்டும் 300 கிராம் சொச்சம், 200 போட்டால் அதில் இரட்டிப்பு.

குவில்ட்டுக்கென்றே விற்கும் இறக்குமதிப் பேட்டிங்கில் வகை அதிகம். சுத்தப் பருத்தி, 80 பங்கு பருத்தியும் 20 பங்கு பாலியெஸ்டரும் கலந்தது, கம்பளி, மூங்கில் விஸ்கோஸ், பட்டு எல்லாம் உண்டு. மிச்சம் கிடக்கும் துண்டு எது என்று மறந்துபோனால் ஒரு நூலளவு பிய்த்து, இடுக்கியில் பிடித்து, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் எரிகிற வாடையோடு எரிந்து சாம்பலாக உதிரும். பாலியெஸ்டர் உருகிச் சுருண்டு கெட்டியான மணியாக நிற்கும். கம்பளியில் தலைமுடி கருகும் நாற்றம் வரும். தீயை விலக்கினால் தானே அணையும். சாம்பலும் இருந்து, நடுவில் கெட்டித் துணுக்கும் தட்டுப்பட்டால் அது கலப்பு.

துவைத்ததும் பஞ்சு திரண்டுவிட்டது. அங்கங்கே வெறும் துணி

அதிகம் காதில் விழும் புகார் இதுதான். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். இருட்டுத் திட்டும் வெளிச்சத் திட்டுமாகத் தெரிந்தால் பஞ்சு நகர்ந்துவிட்டது. பஞ்சின் தரத்தைத் திட்டுவதற்கு முன்னால், ஒரு தையல் வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்று டேப் வைத்து அளந்துவிடுங்கள்.

ஒவ்வொரு பேட்டிங்குக்கும் தாங்கும் இடைவெளி ஒன்று உண்டு. அதைத் தீர்மானிப்பது இழைகளை ஒன்றோடொன்று பிடித்து வைத்திருக்கும் முறை. வழக்கமாக மூன்று முறைகள். முதலாவது, ஆயிரக்கணக்கான முள் ஊசிகளால் குத்திக் குத்தி இழைகளைப் பின்னிவிடுவது. இரண்டாவது, பஞ்சுக்குள் சீக்கிரம் உருகும் இழைகளைக் கலந்து சூட்டில் ஒட்டவைப்பது. மூன்றாவது, மேலே பசை தெளிப்பது. இதில் பசை தெளித்ததைத்தான் நான் நம்புவதில்லை. வாங்கும்போது மேற்பரப்பு வழவழவென்று அழகாக இருக்கும். சலவைக்குச் சலவை பசை கரைந்து போகும். பிறகு இழைகள் தன் இஷ்டத்துக்குப் போகும்.

ஊசி குத்திய சில பருத்திப் பேட்டிங்கில் ஸ்கிரிம் என்ற மெல்லிய செயற்கை இழைப் படலம் ஒன்றையும் சேர்த்துக் குத்தியிருப்பார்கள். பஞ்சு எங்கும் போகாமல் அது பிடித்துக்கொள்ளும். வார்ம் அண்ட் நேச்சுரல் என்ற பிராண்ட் அந்த வகை; 10 இஞ்ச் இடைவெளிவரை தாங்கும் என்று அதன் உறையிலேயே இருக்கும். ஹாப்ஸ் ஹெர்லூம் 80/20 என்ற இன்னொரு பிராண்டுக்கு 4 இஞ்ச்தான். இரண்டும் பார்க்க ஒரே மாதிரி, தடவினாலும் ஒரே மாதிரி. எட்டு இஞ்ச் கட்டம் போட்டுத் தைக்கிறவர் இரண்டாவதை வாங்கினால் பஞ்சு கட்டத்துக்குள் உருளத்தான் செய்யும்.

மீட்டரில் வெட்டித் தரும் வாடிங்கில் எதுவும் எழுதியிருக்காது. அப்படிப்பட்ட எதற்கும் 3 இஞ்ச், அதாவது நான்கு விரல் சேர்ந்த அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு வகையினர் மெத்தைக்கடைப் பஞ்சை வாங்கிப் பரப்பித் தைப்பவர்கள். இலவம்பஞ்சு என்றால் ஒரே பேச்சுதான்: குவில்ட்டுக்கு வேண்டாம். அதன் இழை குட்டை, வழவழப்பு, மேலே மெழுகுப் பூச்சு. ஒன்றோடொன்று பிடிக்கவே பிடிக்காது. தலையணையில் நெருக்கமான உறைத் துணிக்குள் அடைபட்டு இருப்பதற்குத்தான் அது லாயக்கு. அடித்த பருத்திப் பஞ்சு என்றால் முடியாது என்றில்லை. ஜெய்ப்பூர் ரஜாய் என்ற பஞ்சுப் போர்வை அப்படித்தான் வருகிறது: மெல்லிய வாயில் துணி, நடுவில் நன்றாகப் பிரித்து அடித்த பஞ்சு, மேலே நெருக்கமான கைத்தையல். அந்த நெருக்கத்தை விட்டுவிட்டுப் பஞ்சை மட்டும் காப்பியடித்தால் இரண்டு சலவை தாங்காது.

ஏற்கெனவே திரண்டுவிட்டதா? நனைக்காமல் மேஜையில் விரியுங்கள். இரண்டு கையாலும் மேலேயும் கீழேயும் பிடித்து, கட்டியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து வெறுமையான பக்கம் தள்ளுங்கள். ஓரளவு சமமானதும் ஊக்கு குத்தி, பழைய வரிகளுக்கு நடுவில் புது வரி ஓட்டுங்கள். மெஷினில் ஏற்ற மனசில்லை என்றால் 3, 4 இஞ்சுக்கு ஒரு முடிச்சு போதும்: தடித்த நூலால் மூன்று அடுக்கும் சேரக் குத்தியெடுத்து இரட்டை முடிச்சு. பஞ்சு கிழிந்து ஓட்டையே விழுந்திருந்தால், பின்துணியை அந்த இடத்தில் சின்னதாகக் கீறி, அதே வகைப் பேட்டிங் துண்டை உள்ளே வைத்து, விளிம்போடு விளிம்பு கைத்தையலில் சேர்த்து, மேலே ஒட்டுத்துணி தைத்துவிடலாம். பெயரும் தேதியும் எழுதும் துண்டை அங்கே தைத்தால் கீறல் இருந்ததே தெரியாது.

துணிக்கு மேலே பஞ்சு முளைக்கிறது

கறுப்பு, கருநீலத் துணியில் வெள்ளை வெள்ளையாக நுனி நீட்டிக்கொண்டு நிற்கும். குவில்ட்காரர்கள் இதை பியர்டிங் என்பார்கள். முதலில் ஒன்று: பிடித்து இழுக்காதீர்கள். ஒரு இழையை இழுத்தால் அது தன் பின்னால் பத்து இழையைக் கூட்டிக்கொண்டு வரும், ஓட்டையும் பெரிதாகும். மேலே நீட்டியதைத் துணியை ஒட்டிக் கத்தரியுங்கள். இல்லையென்றால் பின்துணியைப் பிடித்து லேசாக விலக்கி இழுங்கள். முளைத்ததில் பாதி தானாக உள்ளே போய்விடும்.

இப்போது காரணத்தைத் தேடலாம். எங்கே முளைக்கிறது என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

தையல் துளைகளில் மட்டும் வரிசையாக முளைத்தால் குற்றவாளி ஊசி. முனை மழுங்கியிருக்கும், இல்லையென்றால் தேவைக்குமேல் தடிமனாக இருக்கும். 16ஆம் நம்பர் ஊசி போட்டிருந்தால் 14க்கு மாறுங்கள், மெல்லிய நூலென்றால் 11கூடப் போதும். ஒவ்வொரு பெரிய குவில்ட்டுக்கும் புது ஊசி போடுவதைச் செலவாகப் பார்க்க வேண்டாம்.

தையலே இல்லாத இடத்திலும் பரவலாக முளைத்தால் துணியின் நெசவைப் பாருங்கள். மல்மல், தளர்வாக நெய்த கைத்தறி, பலமுறை துவைத்து இற்றுப்போன சேலை இவற்றில் இழைக்கும் இழைக்கும் நடுவே வழி இருக்கிறது. கேம்ப்ரிக், பாப்ளின் மாதிரி நெருக்கமான துணியில் இந்தத் தொல்லை குறைவு. துணியை மாற்ற மனசில்லையென்றால் பேட்டிங்கை மாற்றுங்கள். ஊசி குத்திய பருத்தி, பசை தெளித்த பாலியெஸ்டரைவிட அடக்கமாக இருக்கும். பாலியெஸ்டரில் இன்னொரு சங்கடமும் சேர்ந்துகொள்கிறது. பருத்தி இழை வெளியே வந்தாலும் சீக்கிரம் உடைந்து உதிர்ந்துவிடும். பாலியெஸ்டர் இழை உறுதியானது, உடையாது. நீண்டுகொண்டே போகும், உருண்டு மணியாகத் திரளும்.

பின்பக்கம் மட்டும் முளைத்தால் பேட்டிங்கைத் தலைகீழாக வைத்திருக்க வாய்ப்புண்டு. ஊசி குத்திய பேட்டிங்கை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். ஒரு பக்கம் சின்னச் சின்னக் குழியாக இருக்கும், மறுபக்கம் சின்னப் பரு மாதிரி எழும்பியிருக்கும். ஆலையில் ஊசி குழிப் பக்கம் நுழைந்து பருப் பக்கம் வெளியேறியிருக்கிறது. உங்கள் ஊசியும் அதே திசையில் போக வேண்டும் என்றால் குழிப் பக்கம் மேலே, மேல்துணியைப் பார்த்து இருக்க வேண்டும். எதிர்த்திசையில் குத்தினால் இழைகளை வந்த வழியே திருப்பி உந்துகிறீர்கள்.

கறுப்புக் குவில்ட் தைக்க நினைப்பவர்களுக்கு இத்தனை ஆராய்ச்சிகூட வேண்டாம். கறுப்பு, சாம்பல் நிறப் பேட்டிங் கிடைக்கிறது. முளைத்தாலும் கண்ணுக்குத் தெரியாது.

துவைத்தால் சுருங்கி, மேலே சுருக்கச் சுருக்கமாக ஆகிவிட்டது

இதைக் கோளாறு என்பதா, அழகு என்பதா? உங்கள் விருப்பம். பருத்திப் பேட்டிங் முதல் சலவையில் வழக்கமாக 3 முதல் 5 சதவீதம் சுருங்கும். மேல்துணி அந்த அளவு சுருங்காததால், தையலுக்கும் தையலுக்கும் நடுவில் அது எழும்பிச் சுருக்கம் விழுகிறது. பழைய குவில்ட் தோற்றம் வேண்டும் என்று இதற்காகவே துணியை முன்கூட்டித் துவைக்காமல் தைக்கிறவர்கள் ஏராளம். எனக்கும் அந்தச் சுருக்கம் பிடிக்கும். தையல் கொஞ்சம் கோணியிருந்தால் அதையும் மறைத்துவிடும்.

வேண்டாம் என்றால் இரண்டு வழி. ஒன்று, சுருங்காத பேட்டிங்: பாலியெஸ்டர் சுருங்குவது மிகக் குறைவு. இரண்டு, பருத்தியை முன்கூட்டியே நனைத்துச் சுருக்கிவிடுவது. உறையில் அதற்கு அனுமதி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பெரிய தொட்டியில் வெதுவெதுப்பான தண்ணீரில் மூழ்கவைத்து, அலசாமல், கசக்காமல், அரைமணி நேரம் விட்டு, தண்ணீரை அழுத்தி வெளியேற்றி, தட்டையாக விரித்துக் காயவைக்க வேண்டும். வாஷிங் மெஷினில் போட்டுச் சுற்றவிட்டால் கிழிந்த கந்தலாகத்தான் வெளியே வரும்.

சுருக்கம் ஒரே சீராக இல்லாமல் ஒரு பக்கம் மட்டும் இழுத்துக்கொண்டு கோணலாகப் போயிருந்தால் கதை வேறு. மேல்துணியில் சில துண்டுகள் துவைத்தவை, சில புதியவை என்று கலந்திருப்பீர்கள். ஃபிளானல் பின்துணியும் இப்படித்தான்; சாதாரணப் பருத்தியைவிட அதிகம் சுருங்கும். எல்லாத் துணியையும் துவைத்துவிட்டுத் தொடங்குங்கள், அல்லது எதையுமே துவைக்காதீர்கள். பாதிப்பாதிதான் வம்பு.

அளவு முக்கியம் என்றால் கணக்குப் போடுங்கள். 60க்கு 80 இஞ்ச் குவில்ட் 4 சதவீதம் சுருங்கினால் 57½க்கு 77 இஞ்ச்தான் மிஞ்சும். கட்டிலின் ஓரம் தெரியும்.

எதை வாங்கினாலும், பெரிய வேலைக்கு முன்னால் ஒரு மாதிரித் துண்டு செய்துவிடுவது நல்லது. 12 இஞ்ச் சதுரத்தில் அதே மேல்துணி, அதே பேட்டிங், அதே பின்துணி, அதே இடைவெளி. அளந்து குறித்துக்கொண்டு, வீட்டில் எப்படித் துவைப்பீர்களோ அப்படியே துவைத்துக் காயவைத்து மறுபடி அளந்து பாருங்கள். அரை இஞ்ச் குறைந்திருந்தால் அது 4 சதவீதம். திரளுதல், முளைத்தல், சாயம் போதல், விறைப்பு எல்லாம் இந்த ஒரு துண்டிலேயே தெரிந்துவிடும். மிச்சத்தைத் தூக்கிப்போட வேண்டியதில்லை, கால் மிதியாக ஆகிவிடும்.

பின்பக்கம் மடிப்பு மடிப்பாகத் தைத்துவிடுகிறது

தடிமனான பேட்டிங்கை வீட்டு மெஷினில் தள்ளினால் வரும் தொல்லை. ஊசியைச் சுற்றித் துணியை அமுக்கும் சாதாரண ஃபுட் மேல்துணியை நிறுத்தும், கீழே இருக்கும் பற்கள் பின்துணியை இழுக்கும், நடுவில் பஞ்சு வழுக்கும். வாக்கிங் ஃபுட் போட்டால் மேல் அடுக்கும் கூடவே நகரும். ஃபுட்டின் அழுத்தத்தைக் குறைக்க மெஷினில் திருகு இருந்தால் ஒரு சுற்றுக் குறையுங்கள். தையல் நீளம் 3 மில்லிமீட்டர் வையுங்கள்.

அதற்கும் முன்னால், மூன்று அடுக்கையும் எப்படிச் சேர்த்தீர்கள்? பின்துணியைத் தரையில் விரித்து, இழுத்து விறைக்கவிடாமல், சுருக்கமில்லாத அளவுக்கு மட்டும் டேப் ஒட்டி நிறுத்துங்கள். அதன் மேல் பேட்டிங், அதன் மேல் மேல்துணி. நடுவிலிருந்து தொடங்கி 4 இஞ்சுக்கு ஒரு ஊக்கு. பேட்டிங்கும் பின்துணியும் நான்கு பக்கமும் 3, 4 இஞ்ச் கூடுதலாக இருக்கட்டும், தைக்கத் தைக்க உள்ளே இழுத்துக்கொள்ளும். தையலையும் நடுவில் தொடங்கி வெளிப்பக்கமாகக் கொண்டு போங்கள்.

இவ்வளவு செய்தும் மடிகிறதென்றால் பேட்டிங் அந்த மெஷினுக்கு அதிகம். ஒரு இஞ்ச் உயரம் எழும்பும் பஞ்சு தைப்பதற்கானது இல்லை, முடிச்சுப் போட்டுக் கட்டுவதற்கானது. வீட்டு மெஷினுக்கு அமுக்கினால் 3, 4 மில்லிமீட்டரில் அடங்குவதை எடுங்கள். பாலியெஸ்டரைவிடப் பருத்தி துணியை நன்றாகப் பற்றிக்கொள்ளும், வழுக்காது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் பருத்தியில் தொடங்குவதற்கு இந்த ஒரு காரணம் போதும்.

நடுவில் நூல் அறுந்துகொண்டே இருந்தால் பாபின் கேஸைத் திறந்து பாருங்கள். பருத்திப் பேட்டிங் நிறையத் தூசி உதிர்க்கும். இரண்டு பாபினுக்கு ஒருமுறை பிரஷ் போட்டுத் தட்டிவிட வேண்டும்.

கையால் தைக்கும்போது ஊசி நுழைய மறுக்கிறது

ஸ்கிரிம் இருக்கிறது, அவ்வளவுதான். மெஷினுக்கு உதவும் அதே படலம் கை ஊசியை ஒவ்வொரு குத்திலும் தடுக்கும். கைத்தையலுக்கு ஸ்கிரிம் இல்லாத மெல்லிய பேட்டிங் வாங்குங்கள். கம்பளி கிடைத்தால் அதுதான் சுகம், ஊசி தடையே இல்லாமல் வழுக்கிப் போகும். மெல்லிய பாலியெஸ்டரும் எளிதுதான். அடர்த்தியான பருத்தியில் விரல் வலிக்கும். இன்னொன்று, பின்துணிக்கு நெருக்கமாக நெய்த பெட்ஷீட் போட்டிருந்தால் எந்தப் பஞ்சானாலும் கஷ்டம்தான்.

அப்பளம் மாதிரி விறைத்து நிற்கிறது

போர்த்தினால் உடம்போடு படியாமல் கூரை மாதிரி நிற்கிறதா? பை தைக்கும் ஃபோம் ஷீட்டைப் போட்டிருந்தால் வேறு பேச்சே இல்லை. அது பைக்கும் பர்ஸுக்கும் மட்டும். சரியான பேட்டிங்தான் என்றால் தையல் நெருக்கத்தைப் பாருங்கள். கால் இஞ்ச், அரை இஞ்சுக்கு ஒரு வரி முழுக்க ஓட்டினால் எந்தப் பஞ்சும் அமுங்கி அட்டையாகிவிடும். அயர்ன் சூட்டில் துணியோடு ஒட்டிக்கொள்ளும் பேட்டிங், அடுக்குகளை ஒட்டும் பசை ஸ்பிரே இவையும் காரணம். பருத்தி என்றால் உடனே கவலைப்பட வேண்டாம். முதல் சலவைகளிலேயே விறைப்பு கணிசமாகக் குறையும். ஃபோம் அப்படிக் குறையாது.

வெள்ளைத் துணிக்கு அடியில் பழுப்பாக, புள்ளி புள்ளியாகத் தெரிகிறது

வெளுக்காத பருத்திப் பேட்டிங் பழுப்பு வெள்ளையாக இருக்கும். விதைத் தோலின் துணுக்குகள் புள்ளியாகக் கிடக்கும். வெள்ளை, வெளிர் மஞ்சள் துணிக்கு அடியில் அது தெரியும். துணுக்கில் எண்ணெய் ஒட்டியிருந்தால் சலவையில் பழுப்புக் கறையாகவும் இறங்கலாம். வெளிர் துணிக்கு வெளுத்த பேட்டிங் வாங்கிவிடுங்கள். அடுக்குகளைச் சேர்ப்பதற்கு முன்பே கண்ணில்பட்ட பெரிய துணுக்குகளை ட்வீசரால் எடுத்துவிடலாம். தைத்த பிறகு செய்ய ஒன்றும் இல்லை.

பழைய அமெரிக்கக் குவில்ட்டை வெளிச்சத்தில் பிடித்து, விதை தெரிந்தால் அது அமெரிக்கரான எலி விட்னியின், பஞ்சிலிருந்து விதையைப் பிரிக்கும் எந்திரம் வந்த 1793க்கு முற்பட்டது என்று சொல்லும் வழக்கம் ஒன்று உண்டு. அது சரியில்லை. எந்திரம் வந்து நெடுங்காலம் கழித்தும் மலிவுப் பஞ்சில் விதை இருந்தது. இன்றைய கடைப் பேட்டிங்கிலேயே துணுக்கு இருக்கிறதே.

குறுக்கே ஒரு வரப்பு ஓடுகிறது

இரண்டு துண்டுப் பேட்டிங்கை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றிச் சேர்த்திருக்கிறீர்கள். ஏற்றக் கூடாது, விளிம்போடு விளிம்பு முட்டவைத்து அகலமான ஜிக்ஜாக் தையலோ கைத்தையலோ போட வேண்டும். நேர்கோட்டைவிட அலை அலையாக வெட்டிச் சேர்த்தால் இணைப்பு இருக்குமிடம் மேலே தெரியாது: இரண்டு துண்டையும் தற்காலிகமாக ஒன்றன்மேல் ஒன்று வைத்து, ஒரே வெட்டாக வளைத்து வெட்டி, வெட்டிய சீவல்களை எடுத்துவிட்டு முட்டவைத்தால் போதும். நூலை இறுக்காதீர்கள். இணைக்கும் துண்டுகள் ஒரே வகையாக இருக்கட்டும். பருத்தியையும் பாலியெஸ்டரையும் இணைத்தால் முதல் சலவையில் ஒரு பாதி மட்டும் சுருங்கும்.

மடித்து வைத்த கோடு போகவே இல்லை

பாக்கெட்டில் மடித்து அமுக்கி வந்த பேட்டிங்கை அப்படியே பயன்படுத்தினால் மடிப்புக் கோடு குவில்ட்டோடு தங்கிவிடும். முதல்நாள் இரவே கட்டிலில் விரித்துப் போடுங்கள். மறுநாளும் கோடு இருந்தால், பருத்தி என்றால் மேலே ஒரு துணி போட்டு நீராவி அயர்ன் காட்டலாம். பாலியெஸ்டருக்கு அயர்ன் ஆகாது. பருத்திக்கு வைக்கும் சூட்டில் பஞ்சு அமுங்கி ஒட்டிக்கொள்ளும், திரும்ப எழும்பாது. தண்ணீரை லேசாகத் தெளித்துக் காற்றில் விடுங்கள். தைத்து முடித்த குவில்ட்டுக்கும் இதே விதி.

போர்த்தினால் வேர்த்துக் கொட்டுகிறது

பாலியெஸ்டர் வேர்வையை உறிஞ்சாது. மதுரையிலோ சென்னையிலோ மின்விசிறிக்கு அடியில் போர்த்த 200 ஜிஎஸ்எம் வாடிங் எதற்கு? அது ஊட்டி, கொடைக்கானல் சங்கதி. சமவெளிக்கு மெல்லிய பருத்திப் பேட்டிங், அல்லது பேட்டிங்கே இல்லாமல் துணி அடுக்கு. வங்காளத்துக் காந்தாவும், கர்நாடகத்தில் சித்தி இனப் பெண்கள் தைக்கும் கவந்தியும் பழைய துணியை அடுக்கித் தைப்பவைதான், பஞ்சு கிடையாது.

என் தேர்வு பழைய பருத்தி வேட்டி. வெள்ளை, ஏற்கெனவே சுருங்க வேண்டியதெல்லாம் சுருங்கியது, ஊசிக்கு மிருது, நகராது, திரளாது. கரையை மட்டும் வெட்டி எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் மேல்துணிக்கு அடியில் கோடாகத் தெரியும். எட்டு முழ வேட்டியை இரண்டாக மடித்தால் சிறுவர் போர்வைக்குத் தாராளம்.

குழந்தைக்குத் தைக்கிறவர்கள் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தை தூங்கும் இடத்தில் குவில்ட், தலையணை என்று மெத்தென்ற எதையும் போடக் கூடாது என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமான அமெரிக்கன் அகாடமி ஆஃப் பீடியாட்ரிக்ஸின் வழிகாட்டல். எந்தப் பேட்டிங்கைப் போட்டாலும் இது மாறாது. தரையில் விரித்து, நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது விளையாடவிடலாம்.

காய இரண்டு நாளாகிறது, ஒரு வாடையும் வருகிறது

பருத்தி தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளும். அடைமழையில் தடித்த பருத்திக் குவில்ட்டைத் துவைப்பதே வேண்டாத வேலை. துவைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் மெஷினில் நன்றாகச் சுற்றித் தண்ணீரை எடுத்துவிட்டு, ஒரே கொடியில் தொங்கவிடாமல் இரண்டு மூன்று கொடிகளுக்குக் குறுக்கே பரப்புங்கள். ஈரப் பாரத்தில் தையல் அறுவது ஒற்றைக் கொடியில்தான். அடிக்கடி துவைக்க வேண்டிய போர்வை, விடுதிக்குப் போகும் பிள்ளையின் போர்வை, நாய் படுக்கும் விரிப்பு என்றால் பாலியெஸ்டரே மேல். சீக்கிரம் காயும், எடையும் குறைவு.

சுவரில் மாட்டியது தொய்கிறது, ஓரம் சுருள்கிறது

பேட்டிங்குக்கும் நெடுக்கு, குறுக்கு உண்டு. இரண்டு பக்கமும் இழுத்துப் பாருங்கள். நீளும் திசை ஒன்று, நீளாத திசை ஒன்று. நீளாத திசை மேலிருந்து கீழாக வரும்படி வையுங்கள். மாட்டுவதற்கு எழும்பாத பருத்தியோ 80/20 கலப்போ நல்லது. ஓரம் மட்டும் அலையடித்தால் பெரும்பாலும் பஞ்சின் தவறு இல்லை: நடுவில் நெருக்கமாகத் தைத்துவிட்டு ஓரத்தைச் சும்மா விட்டிருப்பீர்கள். நடுப்பகுதி உள்ளே இழுத்துக்கொண்டது, ஓரம் மிஞ்சி நிற்கிறது. ஓரத்திலும் அதே அளவு தையல் ஓட்டுங்கள்.

பாத்திரம் பிடிக்கும் துணியில் கை சுடுகிறது

பாலியெஸ்டர் பேட்டிங் இங்கே ஆகவே ஆகாது. அடுப்பிலிருந்து இறக்கிய வாணலிக்கு அடியில் அமுங்கி உருகும். இரண்டு அடுக்குப் பருத்திப் பேட்டிங் வையுங்கள், மேல்துணியும் நூலும்கூடப் பருத்தியாக இருக்கட்டும். உள்ளே பளபளப்பான படலம் வைத்த வெப்பத் தடுப்புப் பேட்டிங்கும் விற்கிறது. சூட்டை அது நன்றாகத் தடுக்கும். ஆனால் மைக்ரோவேவில் வைக்கும் கிண்ண உறைக்கு உலோகப் படலம் உள்ளதைப் போடாதீர்கள், பொறி பறக்கும். அந்த உறைக்குப் பருத்தி மேல்துணி, பருத்திப் பேட்டிங், பருத்தி நூல் மூன்றும் கட்டாயம். எந்தப் பிடிதுணியானாலும் நனைந்திருந்தால் தொடாதீர்கள். ஈரப் பஞ்சு வழியாகச் சூடு உடனே கைக்கு ஏறும்.